ஏ.இ.ஆர்.பி. என்பது யார்? எக்ஸ்-ரே அறை முதல் அணு உலை வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடங்குளம், கல்பாக்கம் பற்றிய செய்திகளில் "ஏ.இ.ஆர்.பி. அனுமதி அளித்தது" என்று ஒரு வரி வந்து போகும். அது யார், எதைப் பார்த்து அனுமதி அளித்தது என்று செய்தி சொல்லாது. தெருமுனை ஸ்கேன் சென்டர் கதவில் மூன்று இதழ் கொண்ட மஞ்சள் சின்னம் ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால் இருப்பதும் இதே அமைப்புதான். அதைப் பற்றித் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் பல முறை கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஏ.இ.ஆர்.பி. என்றால் என்ன?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ், 1983 நவம்பர் 15 அன்று குடியரசுத் தலைவரின் ஆணையால் அமைக்கப்பட்டது. தலைமையகம் மும்பை அணுசக்தி நகரில் இருக்கிறது. கட்டடத்தின் பெயர் நியாமக் பவன். சென்னை, கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் மண்டல மையங்கள் உண்டு. கல்பாக்கத்தில் இதற்கென ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் 1999 முதல் இயங்குகிறது.

ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தாராப்பூர் அணுமின் நிலையம் 1969-லேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. கல்பாக்கத்தின் முதல் உலை 1983 ஜூலையில் உயிர்பெற்றது. வாரியம் பிறந்ததோ அதற்கு நான்கு மாதம் கழித்து. அதுவரை பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டவை அணுசக்தித் துறையின் உள்குழுக்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு காவலுக்கு ஆள் போட்ட கதைதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் அணுமின் நிலையமே இல்லை. எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. பல் டாக்டரிடம் எடுக்கும் எக்ஸ்-ரே, மாரடைப்பு வந்தவரை ஏற்றும் கேத் லேப், புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர் சிகிச்சை, விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கும் இயந்திரம், குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று படமெடுக்கும் கருவி, காகித ஆலையில் தாளின் தடிமனை அளக்கும் கருவி, ஊசியையும் கையுறையையும் கிருமி நீக்கம் செய்யும் ஆலை எல்லாமே வாரியத்தின் வரம்புக்குள் வருபவை. அணு உலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எக்ஸ்-ரே இயந்திரங்களை அப்படி எண்ண முடியாது. சாதாரண மனிதர் வாழ்நாளில் வாரியத்தின் வேலையைத் தொட்டுப் பார்க்கும் இடம் அணு உலை அல்ல, எக்ஸ்-ரே அறைதான்.

அணுசக்தித் துறை, அணுசக்தி ஆணையம், என்.பி.சி.ஐ.எல்., பார்க்... யார் யாருக்கு என்ன?

கொள்கை வகுப்பது அணுசக்தி ஆணையம். அரசுத் துறையாக நின்று வேலையை நடத்துவது அணுசக்தித் துறை. இது நேரடியாகப் பிரதமரின் பொறுப்பில் உள்ளது. அணுமின் நிலையங்களைக் கட்டி இயக்குவது என்.பி.சி.ஐ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம். கல்பாக்கத்தின் வேக ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) மட்டும் பாவினி என்ற வேறொரு நிறுவனத்தினுடையது. பார்க் என்பது மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம். இவர்கள் எல்லாரும் செய்பவர்கள். ஏ.இ.ஆர்.பி. பார்ப்பவர்.

அப்படியானால் வாரியம் யாருக்குப் பதில் சொல்லும்?

எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் இதுதான். 1983-இல் அமைத்தபோது, வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். ஆணையத்தின் தலைவர் யார்? அணுசக்தித் துறையின் செயலர். அணுமின் நிலையங்களை நடத்தும் நிறுவனம் யாருடையது? அதே துறையுடையது. தேர்வு எழுதும் பையனின் அப்பாவே தலைமை ஆசிரியர் என்றால், விடைத்தாள் திருத்தும் வாத்தியார் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் நம்பாது, இல்லையா? அதுதான் நிலைமை.

இதை வெளியாட்கள் மட்டும் சொல்லவில்லை. 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன், துறையின் நிலையங்களில் உள்ள சுமார் 130 பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை தயாரிக்க வைத்தார். பதவி முடிந்த பிறகு, வாரியத்துக்கு உண்மையான சுதந்திரம் இல்லை என்று பல ஆண்டுகள் வெளிப்படையாக எழுதியும் பேசியும் வந்தார். 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வாரியத்தின் சட்ட அந்தஸ்தையே கேள்விக்குள்ளாக்கியது. 2015 மார்ச்சில் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழு வந்து வாரியத்தை ஆய்வு செய்தது. தொழில்நுட்பத் திறமையைப் பாராட்டிவிட்டு, சுதந்திரத்தைச் சட்டத்திலேயே எழுதி வையுங்கள் என்று பரிந்துரைத்தது.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு, 2011 செப்டம்பரில் புதிய ஒழுங்குமுறை ஆணையம் அமைப்பதற்கான மசோதா ஒன்று மக்களவையில் வைக்கப்பட்டது. 2014-இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாரியத்தின் விஞ்ஞானிகள் சோடை போனவர்கள் அல்லர். அவர்கள் எழுதிய விதிகள் சில இடங்களில் உலக விதிகளைவிடக் கறாரானவை. கோளாறு நாற்காலி போடப்பட்டிருக்கும் இடத்தில்.

2025-இல் புதுச் சட்டம் வந்ததே, அதனால் இது சரியாகிவிட்டதா?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைச் சுருக்கமாகச் 'சாந்தி' சட்டம் என்கிறார்கள். 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்துக்கும் 2010-ஆம் ஆண்டு அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்துக்கும் பதிலாக வந்தது அது. தனியார் நிறுவனங்கள் அணுமின் நிலையம் நடத்த வழிவிட்டது என்பதுதான் தலைப்புச் செய்தியானது. ஓரமாக இன்னொன்றும் நடந்தது: அரசாணையால் பிறந்த வாரியத்துக்குச் சட்டமே அந்தஸ்து கொடுத்தது. நாற்பது ஆண்டுக் கோரிக்கையில் பாதி நிறைவேறியது என்று சொல்லலாம். மீதிப் பாதி? வாரியத்தின் உறுப்பினர்களைப் பரிந்துரைக்கும் தேர்வுக் குழுவை அமைப்பது அணுசக்தி ஆணையம்தான். நாற்காலியை நகர்த்தினார்கள், ஆனால் அதே அறைக்குள்.

ஓர் அணுமின் நிலையத்துக்கு அனுமதி எப்படிக் கிடைக்கிறது?

ஒரே கையெழுத்தில் முடியாது. இடத்தைத் தேர்வு செய்ய ஓர் அனுமதி, கட்டுமானத்துக்கு ஒன்று, எரிபொருள் நிரப்பிச் சோதனை ஓட்டம் பார்க்க ஒன்று, கடைசியாக இயக்க உரிமம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் உட்கட்டங்கள் உண்டு. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் பிரதமர் முன்னிலையில் உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை தொடங்கியது. எரிபொருளை ஏற்றி முதல் தொடர்வினையை நோக்கிப் போகலாம் என்று வாரியம் அனுமதித்தது ஜூலை இறுதியில். பிரதமர் வந்துபோனாலும் அந்தக் காகிதம் இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

இயக்க உரிமமும் ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லாது. அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள், பிறகு புதுப்பிக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒரு முறை நிலையத்தை முழுவதுமாக மறுஆய்வு செய்கிறார்கள். இடையில் ஆய்வாளர்கள் வந்து போவார்கள்.

கூடங்குளத்தில் இந்த நடைமுறை நீதிமன்றம் வரை போனது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு வாரியத்தின் குழு கூடங்குளத்துக்கு 17 பரிந்துரைகளைக் கொடுத்திருந்தது. எல்லாவற்றையும் நிறைவேற்றிய பிறகே உலையை இயக்க வேண்டும் என்று வழக்கு. இடிந்தகரையில் மக்கள் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையைத் தடுக்கவில்லை. 15 கட்டளைகளைப் போட்டு அனுமதித்தது. முதல் உலை அந்த ஜூலை 13 அன்று தொடர்வினையை எட்டியது. வணிக உற்பத்தி என்று அறிவிக்க 2014 டிசம்பர் 31 ஆனது.

சுனாமி வந்தால் கல்பாக்கம் என்ன ஆகும்?

வந்தபோது என்ன ஆனது என்று பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 காலை, முதல் உலை நீண்ட காலப் பராமரிப்பில் நின்றிருந்தது, இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. கடல் நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்து குளிர்விப்பு நீரை இறைக்கும் பம்புகள் நின்றன. உலையை உடனே நிறுத்தினார்கள். அவசரக் குளிர்விப்பு வேலை செய்தது. கதிர்வீச்சுக் கசிவு இல்லை. வேக ஈனுலைக்காகத் தோண்டியிருந்த அடித்தளப் பள்ளம் நீரில் மூழ்கியது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலையைப் பற்றிப் பேசும் வேகத்தில் இதை மறந்துவிடுகிறோம். வாரியம் பார்வையிட்டுச் சம்மதித்த பிறகே உலையைத் திரும்ப ஓட்டினார்கள்.

ஃபுகுஷிமாவில் உலை நின்றது, ஆனால் டீசல் ஜெனரேட்டர்கள் வெள்ளத்தில் மூழ்கியதால் குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் போனது. நின்ற உலையும் பல நாட்களுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் அணு உலையின் தனிக்குணம். அதனால்தான் 2011-க்குப் பிறகு நாட்டின் எல்லா நிலையங்களிலும், மின்சாரமே இல்லாவிட்டால் எப்படிக் குளிர்விப்பது என்ற கேள்வியை முன்னால் வைத்தார்கள். கூடங்குளத்தின் ரஷ்ய உலைகளில், மின்சாரம் இல்லாமலே வெளிக்காற்றால் வெப்பத்தை இறக்கும் ஏற்பாடு வடிவமைப்பிலேயே இருக்கிறது. உருகிய எரிபொருளைக் கீழே தாங்கிப் பிடிக்கும் அமைப்பும் உண்டு.

நாங்கள் நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறோம். விபத்து என்றால் யார் வந்து சொல்வார்கள்?

மாவட்ட ஆட்சியர். இது பலருக்குத் தெரிவதில்லை. நிலையத்தின் வேலிக்குள் நடப்பதற்கு நிலைய நிர்வாகம் பொறுப்பு. வேலிக்கு வெளியே பாதிப்பு வரும் என்றால் பொறுப்பு ஆட்சியரிடம் போய்விடும். கல்பாக்கத்துக்குச் செங்கல்பட்டு, கூடங்குளத்துக்குத் திருநெல்வேலி. நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் தயாராக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை நடக்க வேண்டும்.

வெளியே ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியது வீட்டுக்குள் இருப்பது. கதவு ஜன்னலை மூடிவிட்டு, அறிவிப்பைக் கேளுங்கள். அயோடின் மாத்திரையைச் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். அது தைராய்டில் கதிரியக்க அயோடின் சேராமல் தடுக்கும். மற்ற எதற்கும் கவசம் ஆகாது. பதற்றத்தில் டிங்சர் அயோடினைக் குடித்துவிட வேண்டாம், அது விஷம்.

கல்பாக்கத்தில் இருக்கும் எல்லாமே வாரியத்தின் கண்காணிப்பில் உள்ளதா?

இல்லை. 2000-ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் உள்ள நிலையங்கள் வாரியத்தின் வரம்பிலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றை அந்த மையத்தின் உள் அமைப்பே பார்த்துக்கொள்கிறது. எரிபொருள் மறுசுழற்சி ஆலை அப்படிப்பட்டது. 2003 ஜனவரியில் அந்த ஆலையில் ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பெற்றார்கள். செய்தி வெளியே வர மாதங்கள் ஆயின.

எவ்வளவு கதிர்வீச்சு வரை பரவாயில்லை?

கணக்கு மில்லிசீவர்ட் என்ற அலகில். மண், காற்று, விண்வெளி, சாப்பாடு என்று இயற்கையாகவே உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் நம் உடம்பில் சேர்கிறது. அதற்கு மேல், மனிதர் செய்யும் வேலையால் பொதுமக்களுக்குச் சேரக்கூடியது ஆண்டுக்கு 1-க்குள் இருக்க வேண்டும். கதிர்வீச்சோடு வேலை செய்பவர்களுக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. உலகப் பரிந்துரை ஒரே ஆண்டில் 50 வரை விடுகிறது. வாரியம் 30-இல் நிறுத்துகிறது. கறாரானவை என்று மேலே சொன்னது இதைத்தான்.

நோயாளிக்கு இந்த வரம்பு கிடையாது. மார்பு எக்ஸ்-ரே ஒன்று 0.1-க்கும் கீழே, வயிற்று சிடி ஸ்கேன் ஒன்று 8 அளவில். வித்தியாசத்தைப் பாருங்கள். தலைவலி என்றதும் "எதற்கும் ஒரு சிடி எடுத்துவிடலாமே" என்று நாமே டாக்டரைக் கேட்பதை நிறுத்தலாம். தேவை என்று டாக்டர் சொன்னால் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம்.

நான் போகும் எக்ஸ்-ரே சென்டருக்கு உரிமம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டுப் பார்ப்பதுதான் சுலபமான வழி. எக்ஸ்-ரே இயந்திரம் வைக்க வாரியத்தின் உரிமம் வேண்டும். 2013 முதல் இதற்கெல்லாம் இ-லோரா என்ற இணையத் தளம் இருக்கிறது. விண்ணப்பமும் உரிமமும் அதன் வழியாகவே. உரிமம் ஐந்து ஆண்டுக்கு. வாங்கும் இயந்திரம் வாரியம் ஒப்புக்கொண்ட மாடலாக இருக்க வேண்டும். அறைச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் அல்லது அதற்கு ஈடானது. கதவில் ஈயத்தகடு. பொத்தானை அழுத்துபவர் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இயந்திரத்தின் தரச் சோதனை. மையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. நடப்பு? மேலே சொன்ன 2012 தணிக்கை அறிக்கையின்படி நாட்டில் அப்போது 57,443 எக்ஸ்-ரே நிலையங்கள். வாரியத்தில் பதிவு செய்தவை 5,270. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு நிலையங்கள் வாரியத்தின் கணக்கிலேயே இல்லை. இ-லோரா வந்த பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது, உரிமம் இல்லாமல் புது இயந்திரம் வாங்குவது கடினம். ஆனாலும் மாடிப்படிக்குக் கீழே, காத்திருப்பவர்களின் நாற்காலிக்கு எதிரே, கதவைத் திறந்து வைத்துப் படமெடுக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். கதவை மூடச் சொல்லுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் படித்திருக்க வேண்டியதில்லை.

படமெடுத்த பிறகு அறையில் கதிர்வீச்சு தங்கியிருக்குமா?

இருக்காது. விளக்கை அணைத்ததும் வெளிச்சம் தங்குமா? அதே மாதிரி.

குழந்தையைப் பிடித்துக்கொள்ள என்னை உள்ளே கூப்பிடுகிறார்கள். போகலாமா?

போகலாம், ஈயக் கவச அங்கி போட்டுக்கொண்டு. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ நீங்கள் போக வேண்டாம், அப்பாவோ பாட்டியோ போகட்டும். உங்களுக்கே எக்ஸ்-ரே எடுப்பதாக இருந்தால், நாள் தள்ளிப்போயிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய இடம் அல்ல இது. டெக்னீஷியன் ஆணாக இருந்து சொல்லத் தயங்கினால், நர்ஸிடம் சொன்னாலும் போதும்.

டெக்னீஷியன் சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் என்ன?

டி.எல்.டி. பேட்ஜ். உள்ளே சிறு வில்லைகள் இருக்கும். விழுந்த கதிர்வீச்சை அவை நினைவில் வைத்துக்கொள்ளும். சூடாக்கினால் அந்த அளவுக்கு ஒளிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கணக்கெடுக்கிறார்கள். மார்பில், ஈய அங்கிக்கு உள்ளே அணிய வேண்டும். அது பாதுகாக்காது, கணக்கு மட்டும்தான் வைக்கும்.

ஒரு மையத்தில் நான்கு பேரின் பேட்ஜும் எக்ஸ்-ரே அறைக்குள் ஆணியில் தொங்கியதைப் பார்த்தேன். "தொலைஞ்சிடும்னு வெச்சிருக்கோம் சார்" என்றார் ஒரு பையன். அந்த மூன்று மாதத்தில் ஆணி வாங்கிய கதிர்வீச்சு அவர்கள் பெயரில் பதிவாகியிருக்கும். இன்னும் சில இடங்களில் பேட்ஜ் மேனேஜரின் மேசை இழுப்பறையில் பத்திரமாகத் தூங்கும். அங்கே கணக்கு எப்போதும் பூஜ்யம். வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: இருபது ஆண்டு கழித்து ஏதாவது என்றால் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பேட்ஜ்தான். கர்ப்பம் தெரிந்ததும் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு வயிற்றுப் பிள்ளைக்குச் சேரக்கூடியது மொத்தம் 1 மில்லிசீவர்ட் என்று விதி. அதற்கேற்ப வேலையை மாற்றித் தர வேண்டும்.

அத்தைக்குத் தைராய்டுக்காக 'ரேடியோ அயோடின்' கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு ஆபத்தா?

அதிக அளவில் கொடுத்தால், உடம்பில் அளவு இறங்கும்வரை மருத்துவமனையில் தனி அறையில் வைத்திருப்பார்கள். அந்த அறையின் கழிவுநீரைக்கூட நேராகச் சாக்கடையில் விட முடியாது. தொட்டியில் தேக்கி, வீரியம் குறைந்த பிறகே விட வேண்டும். வாரியம் அறையின் வரைபடத்தையே பார்த்துத்தான் ஒப்புதல் தரும். இந்த அயோடினுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை வீரியம் பாதியாகும். வீட்டுக்கு வந்த பின், டாக்டர் சொன்ன நாட்கள்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் படுக்க வேண்டாம். அத்தையின் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி வையுங்கள். கழிப்பறையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றட்டும். தீட்டு மாதிரி அவரை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து தாராளமாகப் பேசலாம்.

காயலான் கடையில் மூன்று இதழ் சின்னம் போட்ட கனமான பெட்டி வந்திருக்கிறது. உடைக்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் நிரப்பிய ஆராய்ச்சிக் கருவி ஒன்று இருந்தது. 1985-க்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஓய்வு பெறுபவர்கள் பெற்றார்கள், புதியவர்கள் வந்தார்கள், கருவி என்னவென்று தெரிந்தவர்கள் குறைந்தார்கள். 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலம் போனது. மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். உள்ளே ஈயம் இருக்கும், நல்ல விலை போகும். பளபளவென்று இருந்த துண்டுகள் கடை கடையாகப் பிரிந்தன. ஏப்ரலில் ஒரு கடைக்காரரின் தோல் கறுத்து, முடி கொட்டிய பிறகுதான் மருத்துவர்களுக்குச் சந்தேகம் வந்தது. வாரியத்தின் ஆட்கள் கருவியோடு வந்து சந்தையைத் தேடித் துழாவினார்கள். பலர் மருத்துவமனையில், ஒரு தொழிலாளி இறந்தார். அணு விபத்துகளை 7 வரை தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோலில் இது 4. செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் 7. நரோரா அணுமின் நிலையத்தில் 1993-இல் நடந்த பெருந்தீ 3. அதாவது ஓர் அணுமின் நிலையத் தீயைவிட ஒரு பழைய இரும்புக் கடை மேலே நிற்கிறது.

கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒரு முறைதான் பாதியாகும். இருபத்தைந்து ஆண்டு சும்மா கிடந்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவு மிச்சம் இருந்தது. விதிப்படி, பயன்பாடு முடிந்த கதிரியக்க மூலத்தை வாரியத்தின் அனுமதியோடு, தந்தவரிடமோ அரசு சொல்லும் கிடங்கிடமோ ஒப்படைக்க வேண்டும். ஏலம் போடவே கூடாது.

எனவே, அளவுக்கு மீறிக் கனக்கும் பாத்திரமோ, சின்னம் பொறித்த உருளையோ, இருட்டில் மினுங்கும் துகளோ கண்டால் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், பையில் போடாதீர்கள். தள்ளிப் போங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நாலில் ஒரு பங்காகும். மற்றவர்களையும் விலக்கிவிட்டு 112-க்குப் போன் போடுங்கள்.

செல்போன் டவர் பற்றி வாரியத்திடம் புகார் கொடுக்கலாமா?

கொடுத்தால் திரும்பி வரும். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலு உள்ள கதிர்வீச்சு மட்டுமே வாரியத்தின் வேலை. டவர் அலைகளுக்கு அந்த வலு இல்லை. அது தொலைத்தொடர்புத் துறையின் பாடு. எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவையும் வாரியத்துக்கு வெளியே. அல்ட்ராசவுண்ட் சென்டரில் நீங்கள் பார்க்கும் சட்டப் பலகை, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் வேறு சட்டத்துக்கானது.

கதிர்வீச்சு காட்டிய மாம்பழம், வெங்காயம் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். காமா கதிர் பழத்தின் ஊடாகப் போய்விடும், உள்ளே தங்காது. நாசிக் பக்கம் லாசல்காவில் உள்ள ஆலையில் இப்படிப் பதப்படுத்திய மாம்பழம் 2007 முதல் அமெரிக்காவுக்குப் போகிறது. கொட்டைக்குள் இருக்கும் வண்டு பெருகாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆலை பாதுகாப்பானதா என்று பார்ப்பது வாரியம், உணவு சரியா என்று பார்ப்பது உணவுப் பாதுகாப்பு ஆணையம்.

பெட்ரோமாக்ஸ் விளக்கில் கதிர்வீச்சு இருக்கிறது என்கிறார்களே, வதந்தியா?

உண்மை! விளக்கின் வெள்ளை வெளிச்சத்துக்குக் காரணமான அந்த வலைப்பையை, மேன்டில் என்போமே, தோரியம் நைட்ரேட்டில் தோய்த்துத்தான் பல காலம் செய்தார்கள். தோரியம் கதிரியக்கப் பொருள். வீட்டில் எரித்தவர்களுக்கு அது சொற்பம். தயாரிக்கும் பட்டறைத் தொழிலாளியின் மூச்சில் போகும் தூசிதான் கவலை, அதனால் அந்தப் பட்டறைகளும் வாரியத்தின் பட்டியலில் வந்தன. கல்யாண ஊர்வலத்தில் தலையில் பெட்ரோமாக்ஸ் சுமந்து போனவர்கள் யாரும் ஏ.இ.ஆர்.பி. என்று கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்தத் தோரியத்தின் தாய்மடி நம் கடற்கரைதான். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. இல்மனைட், கார்னெட் என்று மற்ற கனிமங்களைப் பிரிக்கும் ஆலைகளும் வாரியத்தின் உரிமத்தோடுதான் இயங்க முடியும், ஏனென்றால் பிரித்த பிறகு மிஞ்சும் கழிவில் மோனசைட் செறிந்துவிடும்.

விதி மீறினால் வாரியம் என்ன செய்யும்? புகார் எப்படிக் கொடுப்பது?

இயந்திரத்துக்குச் சீல் வைக்கலாம், உரிமத்தை நிறுத்தலாம், ரத்து செய்யலாம். உரிமம் போனால் தொழிலே போச்சு என்பதால் இதுதான் உண்மையான சாட்டை. அபராதம் என்ற பக்கம் மட்டும் நீண்ட காலம் வேடிக்கையாக இருந்தது: 1962 சட்டத்தின்படி விதிகளை மீறினால் அபராதம் 500 ரூபாய்க்கு மேல் போட முடியாது. ஒரு சிடி ஸ்கேன் கட்டணத்தைவிடக் குறைவு. தணிக்கை அறிக்கை இதையும் குத்திக்காட்டியது.

புகாரை வாரியத்தின் இணையதளம் வழியாகவோ, சென்னை மண்டல மையத்துக்கு எழுத்திலோ கொடுக்கலாம். "பக்கத்து எக்ஸ்-ரே சென்டர் ஆபத்தானது" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது. மையத்தின் பெயர், முகவரி, எந்த மாதிரி இயந்திரம், என்ன குறை (கதவு மூடுவதில்லை, எச்சரிக்கை விளக்கு இல்லை, பேட்ஜ் இல்லை, உரிமத்தைக் காட்ட மறுக்கிறார்கள்), எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள். உள்ளே இருக்கும் நோயாளிகளைப் போட்டோ எடுக்க வேண்டாம். பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி போதும்: "இந்த முகவரியில் உள்ள எக்ஸ்-ரே இயந்திரத்துக்கு வழங்கப்பட்ட உரிமத்தின் எண் என்ன, அது எந்தத் தேதி வரை செல்லும்?"